சார்லஸ்டனிலிருந்து சவானாவுக்கு: நாங்கள் இருவரும் ஒரு நெல் வயலும்

வணக்கம் மக்களே. இப்போது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில், மேடிசன் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறார். வரும்வரை உங்களோடு பேசலாம். தலைக்கு மேலே காட்டுகிறேன், பாருங்கள். ஓக் மரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் சடை சடையாகத் தொங்குகிறதே, இதற்கு ஸ்பானிஷ் பாசி என்று பேர். ஆனால் பாசியும் இல்லை, ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி. காற்றின் ஈரத்தையும் மழையையும் குடித்தே வளர்கிறது. வெயில் தெரியாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இதன் கீழே உட்காரலாம்.

மூன்று நாளாக ரோட்டில் இருக்கிறோம். அட்லாண்டாவிலிருந்து தெற்கு கரோலினாவின் சார்லஸ்டன், அங்கிருந்து நேற்று சாயங்காலம் இங்கே. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் காரில் கிளம்பிய முதல் பயணம். பழைய வீடுகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சார்லஸ்டனில் அதற்குக் குறையே இல்லை. ரெயின்போ ரோவில் 13 வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அதைவிட எனக்குப் பிடித்தது அந்த ஊருக்கே உரிய ஒடுக்கமான வீடுகள். தெருவைப் பார்த்துக் குறுகலாக நிற்கும், பக்கவாட்டில் நீளமாகத் தாழ்வாரம் ஓடும். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போவதில்லை, அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போகிறோம்.

இந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு நெல்லில் வந்தது என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் இருவருமே மன்னார்குடிப் பக்கம். நெல் என்று காதில் விழுந்ததும் அவர் நகரத்தை விட்டுவிட்டு, "வயலைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் ஆஷ்லி ஆற்றங்கரையில் மிடில்டன் பிளேஸ். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆர்தர் மிடில்டனின் குடும்பத்து இடம். எல்லாரும் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர் நேரே தண்ணீர்ப் பக்கம் போனார். இந்தக் கடலோர ஆறுகளில் கடல் ஏற்றத்தை வைத்தே நெல் விளைத்திருக்கிறார்கள். கடல் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு உயரும். அப்போது மதகைத் திறந்தால் வயல் நிரம்பும். கடல் வடியும்போது திறந்தால் வயல் வடியும். கொஞ்சம் கவனம் தப்பினால் உப்புத் தண்ணீர் ஏறிப் பயிர் போய்விடும். அந்த மதகுக்கு அவர்கள் வைத்த பேர் 'டிரங்க்', அதாவது அடிமரம். ஆரம்பத்தில் குடைந்த மரத்தையே கரையில் பதித்து அடைப்பு வைத்ததால் அந்தப் பேர் நின்றுவிட்டது.

அப்புறம் உரலும் உலக்கையும். அகலமான முறம். கையால் குத்தி, புடைத்து, அரிசி எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆத்தா புடைக்கும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த முறத்தை என்னால் சும்மா பார்த்துவிட்டுக் கடக்க முடியவில்லை.

இந்த வேலையெல்லாம் செய்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். வெறும் உழைப்பு மட்டுமில்லை, நெல் தெரிந்தவர்கள் அவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகாம்பியா, சியரா லியோன் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த மண். 'நெற்கரை'யிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லியே சார்லஸ்டன் பத்திரிகைகளில் ஆட்களை விற்க விளம்பரம் போட்டிருக்கிறார்கள். கோடையில் காய்ச்சலுக்குப் பயந்து முதலாளிகள் ஊருக்குள் வந்துவிடுவார்கள். வயலில் நின்றவர்களுக்குப் போக்கிடம் இல்லை.

அங்கிருந்து திரும்பி வந்து அதே ஊரைப் பார்த்தபோது செங்கல் சுவர்கள்தான் கண்ணில் பட்டன. சில செங்கல்களில் விரல் பதிந்த குழி இருக்கிறது. ஈரம் காயும் முன் தூக்கிய அடிமைகளின் கை, சிலது குழந்தைகளின் கை. என் சுண்டுவிரல்கூட ஒன்றில் நுழையவில்லை.

கேட்ஸ்டன்ஸ் வார்ஃப் என்ற பழைய துறையில் 2023-ல் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். இன்றைய அமெரிக்காவாகிய நிலத்துக்குக் கடத்தி வரப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் சார்லஸ்டன் வழியாகத்தான் இறங்கினார்கள். அந்த மண்ணை மிதிக்காமல், கட்டடத்தைத் தூண்கள்மேல் 13 அடி உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே தரையில், கப்பலில் அடுக்கியதுபோல் மனித உருவங்களின் வெட்டுக்கோடுகள். அவற்றின் மேல் மெல்லிய தண்ணீர் ஏறுகிறது, வடிகிறது. நாங்கள் இருவரும் அங்கே எதுவும் பேசவில்லை. உள்ளே போக டிக்கெட் வேண்டும், இந்த இடத்துக்கு வேண்டாம். சார்லஸ்டனில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள்.

சரி, சவானா. ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய ஓகிள்தோர்ப் 1733-ல் சதுக்கம் சதுக்கமாகக் கோடு போட்டுத் தொடங்கிய ஊர். 24 சதுக்கங்களில் 22 இன்னும் இருக்கின்றன. ஆரம்பத்தில் இந்த ஜார்ஜியாவில் அடிமை முறைக்குத் தடை இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரோலினாக்காரர்கள் நெல்லில் சம்பாதிப்பதைப் பார்த்துக் குடியேறிகள் விடாமல் கேட்டார்கள். 1751-ல் தடை போய்விட்டது.

இதோ எதிரே, இரும்பு வேலைப்பாட்டுத் தாழ்வாரத்தோடு தெரிகிறதே, அது கிரீன்-மெல்ட்ரிம் வீடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஊரைப் பிடித்த வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் தங்கிய வீடு. 1865 ஜனவரி 12 அன்று 20 கறுப்பினப் போதகர்களை இங்கே அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் சார்பாகப் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், 67 வயது. நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுதுகொள்வோம் என்றார். நாலு நாளில் உத்தரவு வந்தது. சார்லஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளும் கைவிடப்பட்ட நெல் வயல்களும் விடுதலையான கறுப்பின மக்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. உத்தரவில் நெல் வயல் என்றே எழுதியிருக்கிறது. அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பிவிட்டார். நிலம் பெரும்பாலும் பழைய முதலாளிகளிடமே போனது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

ஃப்ரேசியரைப் பற்றி இன்னொன்று. போருக்குச் சில வருஷம் முன்னால், தன்னையும் தன் மனைவியையும் 1,000 டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்து மீட்டுக்கொண்டவர் அவர். காலையில் அந்தக் கேட் முன்னால் நின்று இதை வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதோ வருகிறார், இடம் கிடைத்துவிட்டது போல. சாப்பாட்டுக்கு இன்றைக்கு இந்தக் கரையோரத்து கல்லா கீச்சி மக்களின், அதாவது அந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களின் சிவப்புச் சோறு. நம் தக்காளி சாதத்துக்கு அக்கா முறை வரும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.