துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த படம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் தாப்பாவிலிருந்து வந்திருக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஒலிபெருக்கி கட்டுவதும் விளக்குப் போடுவதும்தான் 25 வருடமாக என் தொழில். பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "அண்ணே, குடும்பத்தோட கேம்பிங் போறோம். ராத்திரி பிள்ளைங்களுக்குப் படம் போட்டுக் காட்டணும். எந்த புரொஜெக்டர் வாங்கலாம்?" கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை திடலில் படம் போடுவார்கள். இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். 16 மில்லிமீட்டர் மெஷின் ஒன்று மேசைமேல் உட்கார்ந்து கரகரவென்று ஓடும். மற்ற நாட்களில் எப்போதாவது தகவல் இலாகாவின் பட வண்டி வரும், செய்திப் படம் காட்டும். மாலையிலேயே பாய் விரித்து இடம் பிடித்தவர்களுக்குத்தான் முன்பக்கம். அம்மா விடியற்காலை பால்வெட்டுக்குப் போனால், திரும்பி வந்து துணி துவைத்து, சமைத்து, எங்களைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் படம் ஆரம்பித்திருக்கும். அதனால் எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் துணிக்குப் பின்பக்கம்தான் இடம். அங்கே கதாநாயகன் இடது கையால் வாள் சுற்றுவார். பெயர் போடும்போது எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும். பின்பக்கத்தில் ஒரு சௌகரியமும் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு சிறிய புரொஜெக்டர் வாங்கினேன். இணையத்தில் 189 வெள்ளி. பெட்டிமேல் பெரிய எழுத்தில் 9,500 லூமென்ஸ், 4கே என்று போட்டிருந்தது. மகளையும் அண்ணன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குவாலா வோ ஆற்றோரம் போய்க் கூடாரம் போட்டு, பெரிய கட்டில் விரிப்பு ஒன்றைக் கட்டி, அது நிறையும்படி படத்தை விட்டேன். பாட்டுக் காட்சிகள் ஓரளவு தெரிந்தன. இரவுக் காட்சி வந்ததும் துணியே காணாமல் போன மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, அவர் எங்க நிக்கிறார்?" என்று மகள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தோம். எனக்கு அது உண்மையாகவே வலித்தது. அதற்குப் பிறகுதான் இந்த லூமென்ஸ் கணக்கை உட்கார்ந்து படித்தேன்.

லூமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. ஆனால் எங்கே நின்று அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். விளக்கிலிருந்து புறப்படும் வெளிச்சம் வேறு, லென்ஸைத் தாண்டித் திரையில் வந்து விழும் வெளிச்சம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை அளக்க ஒரு முறை இருக்கிறது. வெள்ளைப் படத்தைத் திரையில் விட்டு, திரையை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பால் பெருக்குவார்கள். அப்படி அளந்ததற்குப் பெயர் ஆன்சி லூமென்ஸ். ஐஎஸ்ஓ லூமென்ஸ் என்று போட்டிருந்தாலும் நம்பலாம். இந்த இரண்டு சொல்லும் இல்லாமல் வெறும் லூமென்ஸ் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நான் வாங்கியது மாதிரியான மலிவுப் பெட்டிகள் பலவற்றில் ஆன்சி கணக்குக்கு 200 தேறினாலே பெரிது.

சரி, 200 போதாதா? படத்தை எவ்வளவு பெரிதாக விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரொட்டி சானாய் வீசுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கையில் இருப்பது அதே ஒரு உருண்டை மாவுதான். வீச வீச அகலமாகும், மெலியும், கடைசியில் அந்தப் பக்கம் நிற்கிறவர் முகமே தெரியும். வெளிச்சமும் அப்படித்தான். 60 அங்குலப் படம் என்றால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதையே 120 அங்குலமாக விரித்தால் நான்கு சதுர மீட்டர். அதே வெளிச்சம் நான்கு பங்காகப் பிரிந்துபோகும். நான் கட்டில் விரிப்பு நிறைய விட்ட தப்பு அதுதான். அதே பெட்டியை 50, 60 அங்குலத்துக்குச் சுருக்கியிருந்தால் பிள்ளைகள் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: எத்தனை பேர் உட்காரப் போகிறீர்கள் என்று எண்ணுங்கள், அதற்கேற்ற திரையை முடிவு செய்யுங்கள், புரொஜெக்டரை அதற்கு அப்புறம் பார்க்கலாம். ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கு 80 அங்குலம் தாராளம். அது கிட்டத்தட்ட ஆறடி அகலம், மூன்றேகால் அடி உயரம். நல்ல இருட்டில் அந்த அளவுக்கு 300 ஆன்சி லூமென்ஸ் விழுந்தால், திரையரங்கில் பார்க்கிற வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பேட்டரியில் ஓடும்போது பல புரொஜெக்டர்கள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கடையில் மின்சாரத்தில் போட்டுக் காட்டினால், "ஒயரைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

4கே என்று போட்டிருக்கிறதே என்பார்கள். 4கே படத்தை ஏற்றுக்கொள்ளும் என்பது வேறு, 4கே தெளிவில் காட்டும் என்பது வேறு. பெட்டி உண்மையில் காட்டும் தெளிவைத்தான் நேட்டிவ் என்பார்கள்; அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 1080 இருந்தால் நல்லது. 720 இருந்தாலும் முகாமுக்குப் போதும். 480 என்றால் தமிழ்ப் படத்துக்கு அடியில் ஓடும் மலாய் எழுத்தைப் பிள்ளைகளால் சிரமமில்லாமல் படிக்க முடியாது.

அடுத்தது பேட்டரி. இதில்தான் நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல். வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டரை மணி நேரம் ஓடும் என்று சொன்னால் அவர்கள் ஊர்ப் படத்துக்கு அது மிச்சம். நம் படமே இரண்டரை மணி நேரம். கதை உச்சத்தில் நிற்கும்போது பேட்டரி தீர்ந்துவிடும். ஆங்கர் நெபுலா கேப்சூல் 3 என்று ஒன்று இருக்கிறது, குளிர்பான டின் அளவுதான், 200 ஆன்சி லூமென்ஸ். அதன் உள்பேட்டரிக்குச் சொல்லப்படும் நேரம் அந்த இரண்டரை மணிதான். சாம்சங் ஃப்ரீஸ்டைல் பார்க்க அழகாக இருக்கும், எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் உள்ளே பேட்டரியே கிடையாது. எக்ஸ்ஜிமி மோகோ 2 ப்ரோவும் அப்படித்தான். 400 ஐஎஸ்ஓ லூமென்ஸ் வெளிச்சம் உண்டு, மின்சாரத்துக்கு வெளியிலிருந்து பவர் பேங்க் கொடுக்க வேண்டும். நெபுலா மார்ஸ் 3 முகாமுக்கென்றே செய்தது. 1,000 ஆன்சி லூமென்ஸ், தூறல் பட்டாலும் தாங்கும், வெளிச்சத்தைக் குறைத்துப் போட்டால் ஐந்து மணி நேரம் ஓடும். ஆனால் எடை நான்கு கிலோவுக்கு மேல், விலையும் அதற்கேற்ப. காடியை நிறுத்திய இடத்திலேயே கூடாரம் போடுகிறவர்களுக்கு அது சரி. ஆற்றைக் கடந்து சாமான் தூக்குகிறவர்களுக்குச் சரிப்படாது.

பவர் பேங்க் வாங்கும்போது 20,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 74 வாட் மணி. வழியில் கொஞ்சம் வீணாகிக் கையில் கிடைப்பது 60 என்று வையுங்கள். 40 வாட் இழுக்கிற புரொஜெக்டருக்கு அது ஒன்றரை மணி நேரம்தான் வரும். அதோடு பவர் பேங்கால் 65 வாட் கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள். சாதாரண கைப்பேசிப் பவர் பேங்கைச் சொருகினால் பல புரொஜெக்டர்கள் கண்ணைக்கூடத் திறக்காது. நான் என்ன செய்கிறேன் என்றால், உள்பேட்டரி உள்ளதை வைத்துக்கொண்டு இடைவேளையில் பவர் பேங்கைச் சொருகிவிடுகிறேன். இடைவேளை என்று ஒன்றை நம் படங்களில் வைத்தது எவ்வளவு நல்லது! அரை மணி நேரம் நிறுத்தி, கோப்பி கலக்கி, மரவள்ளி அவித்துச் சாப்பிட்டால் பெட்டியும் கொஞ்சம் ஆறும். ஜெனரேட்டர் வேண்டாம். சத்தம் ஒரு பக்கம், அதன் புகை கூடாரத்துக்குள் போனால் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

படத்தை எங்கிருந்து எடுப்பது? பள்ளத்தாக்கில் இணையத்தை நம்ப வேண்டாம். கட்டணச் செயலியில் கைப்பேசிக்கு இறக்கிய படத்தை ஒயர் போட்டுத் திரையில் விட்டால் சில நேரம் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக நிற்கும். நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அது. வீட்டு வாசலில் ஒரு நாள் இரவு முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். என் தொழிலே சத்தம்தான், ஆனாலும் ஆற்றோரத்தில் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். மேலே மலையில் மழை கொட்டினால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், வந்துவிடும். ஆற்றின் இரைச்சல் மாறுவது காதில் விழ வேண்டும். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலி முகாமில் மண் சரிந்து 31 உயிர்கள் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அனுமதி பெற்ற முகாமா என்று விசாரித்துவிட்டு, ஆற்றுக்கும் சரிவுக்கும் தள்ளித் திரையைக் கட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் மேற்குக் கரையில் மாலை இடிமழை வழக்கம். அந்த நாட்களில் மேகம் கறுத்தால் படத்தை விட்டுவிடுங்கள்.

எட்டு மணிக்கு முன் ஆரம்பிக்க முடியாது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து நமக்கு இருட்டுவது அவ்வளவு தாமதம். அதற்குள் துணியைக் கட்டிவிடலாம். சுருக்கமில்லாமல் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள். புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வையுங்கள். கோணலாக வைத்துவிட்டு உள்ளே இருக்கிற திருத்தத்தில் நிமிர்த்தினால் தெளிவும் குறையும், வெளிச்சமும் குறையும்.

இப்போது அந்தப் பின்பக்கத்துச் சௌகரியம். மழை பெய்து ஓய்ந்த இரவில் ஈசல் கிளம்பும். தோட்டத்தில் மெஷின்காரரைச் சுற்றியும் முன்பக்கத்து ஆட்கள் தலையிலும் ஈசல் மொய்த்துக்கொண்டிருக்கும். துணிக்குப் பின்னால் இருந்த எங்களிடம் அவ்வளவாக வராது, ஏனென்றால் விளக்கு அந்தப் பக்கம். குவாலா வோவில் லென்ஸ்மேல் ஈசல் உட்கார்ந்து திரையில் கோழி அளவுக்கு நடந்தபோதுதான் அது எனக்கு நினைவுக்கு வந்தது. இப்போது நான் புரொஜெக்டரைத் துணிக்குப் பின்னால் வைக்கிறேன். 80 அங்குலப் படத்துக்குப் பல சிறிய புரொஜெக்டர்களுக்கு ஏழடி தூரம் போதும். துணி மெல்லியதாக இருக்க வேண்டும். லென்ஸின் வெளிச்சப் பொட்டு நேராகக் கண்ணில் குத்தாதபடி பெட்டியைக் கொஞ்சம் தாழ்வாக வைக்க வேண்டும். மெனுவில் ரியர் என்று ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் படம் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும். ஈசல், விட்டில் எல்லாம் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

போன பள்ளி விடுமுறையில் அம்மாவையும் கூட்டிப் போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி உட்கார வைத்தேன். துணிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிவதைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. படத்தில் பெயர் போட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் கையைத் தட்டினார். "தம்பி, நாம பின்பக்கந்தானே உக்காந்திருக்கோம்? எழுத்து எப்படி நேரா இருக்கு?"