பிள்ளை கேட்கிறது, யார் பதில் சொல்வது?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நெடுங்காலம் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இன்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கற்பதும் வளர்வதும் எதையெல்லாம் பொறுத்தது என்பது தலைப்பு. பெரிய தலைப்பு, கொடுத்திருப்பதோ சில நிமிடங்கள். ஆகவே இங்குள்ள பெற்றோர் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வியிலேயே ஆரம்பிக்கிறேன். "டீச்சர், நாலு வயசாச்சு, இன்னும் அ, ஆ எழுத மாட்டேங்கிறான். டியூஷன் வைக்கலாமா?"

வேண்டாம். நாலு வயதில் விரல்களுக்குப் பென்சிலை அடக்கும் பலம் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். சப்பாத்தி மாவைக் கொஞ்சம் கிள்ளிக் கொடுங்கள், உருட்டட்டும். சட்டைப் பொத்தானை அவனே போடட்டும், பத்து நிமிடம் ஆனாலும் சரி. அந்த டியூஷன் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்.

பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வீட்டில் பிள்ளை வாயைத் திறந்தால் யார் பதில் சொல்கிறீர்கள்?

ஐந்து வயது முடிவதற்குள் குழந்தையின் மூளை பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அந்த வயதில் மூளைக்குள் நரம்பு இணைப்புகள் ஏராளமாக உண்டாகின்றன. அடிக்கடி பயன்படுபவை உறுதியாகின்றன, பயன்படாதவை கழிந்துபோகின்றன. பயன்படுவது எப்படி? குழந்தை "ங்கா" என்கிறது, நீங்கள் சிரித்து ஏதோ சொல்கிறீர்கள், அது மறுபடி "ங்கா" என்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அடிப்படை.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் முதலில் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவார். பிறகு ஓரிரு நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நம் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

ரப்பர்த் தோட்டக் காலத்தில் அம்மாக்கள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போனார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில், வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களில் கிடந்தன. ஒரு ஆயா எத்தனை குழந்தையிடம் பேச முடியும்? பால் கொடுத்து, துணி மாற்றி, அழுகிற தொட்டிலை ஆட்டவே நேரம் சரியாகிவிடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பாதிப் பேர் தொழிற்சாலையில் சிஃப்ட் வேலை பார்க்கிறார்கள், ஆயாக்கொட்டகையும் இல்லை. ஆனால் பேச ஆளில்லாத பிள்ளை அப்படியேதான் இருக்கிறது. கையில் கைப்பேசி இருப்பது ஒன்றுதான் வித்தியாசம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நைட் சிஃப்ட் முடிந்து வந்த அம்மாவிடம் இதைச் சொன்னால் முறைப்பார், எனக்கும் தெரியும். அதனால்தான் தாத்தா பாட்டியை இழுக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தினமும் காலையில் நெத்திலி ஆய்வார். பேத்திக்கு மூன்றரை வயது.

"பாட்டி, இதுக்குக் கண்ணு இருக்கு."

"ஆமாடி, உன்னையதான் பாக்குது. பெருசெல்லாம் இந்தத் தட்டுல போடு. சின்னதெல்லாம் அதுல."

"இது பெருசா சின்னதா?"

"நீயே சொல்லு."

அந்தப் பிள்ளை இரண்டு நெத்திலியை அருகருகே வைத்து அளந்து பார்க்கிறது. பாலர் பள்ளியில் இதே பாடத்தை வண்ண அட்டை வைத்து நடத்துகிறோம். பாட்டியிடம் அது இலவசம், மத்தியானம் சம்பலும் கிடைக்கும்.

வீட்டில் என்ன மொழி பேசுவது என்றும் கேட்பார்கள். உங்களுக்குச் சரளமாக வருகிற மொழி, அவ்வளவுதான். 'கம் ஹியர், டோன்ட் டூ' என்பதற்கு மேல் போகாத ஆங்கிலத்தைவிட, கதையும் கேலியும் காரணமும் சொல்கிற தமிழ் பிள்ளைக்கு எவ்வளவோ மேல். மலாயும் ஆங்கிலமும் பள்ளியில் அந்த அடித்தளத்தின் மேல் ஏறிக்கொள்ளும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: இரும்புச்சத்து. அது குறைந்தால் பிள்ளை சோர்ந்து கிடக்கும், கவனம் நிற்காது. காலையில் தேத்தண்ணீரில் பிஸ்கட்டை முக்கிக் கொடுத்துவிட்டுப் பசியாறியாச்சு என்கிறோம். தேயிலையில் உள்ள டானின், உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணீரே தேவையில்லை. கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் அந்தச் சத்து நன்றாக ஒட்டும். அப்புறம் தூக்கம். மூன்று, நான்கு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். பெரியவர்கள் நாடகம் பார்த்து முடிக்கும்வரை பிள்ளையும் விழித்திருக்கிற வீடுகளில் அது கிடைப்பதில்லை.

இதைச் சொல்லாமல் போக முடியாது: குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிற வீட்டில் பிள்ளை பாடத்தில் கவனம் வைக்காது. கதவுச் சத்தத்திலேயே காதை வைத்திருக்கும். அந்தப் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

பிள்ளையை வெளியில் விடுபவர்கள் கவனியுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ உள்ள காப்பகம் நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. சுவரில் பூ வரைந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, எத்தனை பேர் குனிந்து குழந்தைகளிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக, காது. சளி பிடித்து ஆறிய பிறகும் சில பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கி நிற்கும். வலி இருக்காது, கேட்பது மட்டும் மங்கிவிடும். கூப்பிட்டால் திரும்பாது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டும், பேச்சு தெளியாது. நாம் அடங்காப்பிடாரி என்று திட்டுவோம். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், 'அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், காதைச் சோதிக்க வேண்டும் என்று தாதியிடம் நீங்களே கேளுங்கள். நன்றி, வணக்கம்.