பெயரில் ‘புரொஃபஷனல்’ இருந்தால் எம்.இ.யைவிடப் பெரிய படிப்பா? ஒரு சிவில் மாணவரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வாரக் காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இன்று பதில் சொல்லப் போகிறேன். நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன்.

“அண்ணா, நான் 2022இல் பி.இ. சிவில் முடித்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி, தன்னாட்சி கிடையாது. கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் இரண்டரை வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மெல்போர்னில் ‘மாஸ்டர் ஆஃப் புரொஃபஷனல் இன்ஜினியரிங்’ இரண்டு வருடப் படிப்பில் சேரச் சொல்கிறார் எங்கள் ஊர் கல்வி ஆலோசகர். நம் ஊர் எம்.இ.யைவிட இது பெரிய படிப்பு என்கிறார். அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தை ஈடு வைக்கத் தயாராக இருக்கிறார். உண்மையிலேயே இது எம்.இ.யைவிட உயர்ந்ததா? சேரலாமா?”

தம்பி, நானும் இதே வகைப் படிப்பை மெல்போர்னில் படித்தவன். இன்று அங்கேயே கட்டமைப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன். அதனால் இந்தப் படிப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்கள் ஆலோசகர் சொன்னது தவறு. அப்பா பத்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் அது ஏன் தவறு என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘புரொஃபஷனல்’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ‘உயர்நிலை’ என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தொழிலுக்குள் நுழையும் தகுதியைத் தருகிற பட்டம் என்பதுதான் பொருள். நம் ஊரில் பி.இ. செய்கிற வேலையை அங்கே இந்த முதுநிலைப் பட்டம் செய்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகம் 2008இல் தன் பாடமுறையையே மாற்றியது. முதலில் மூன்று ஆண்டு இளநிலை, அதன்மேல் இரண்டு ஆண்டு முதுநிலை, அப்போதுதான் பொறியாளர். சில ஆண்டுகளில் பெர்த்திலுள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் அதே வழிக்கு வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டம் மூன்று ஆண்டு. அதே துறையில் ஏற்கெனவே பொறியியல் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டில் முடிக்கும் வழியும் உண்டு. இயற்பியலோ கணிதமோ படித்துவிட்டுப் பொறியாளராக விரும்புகிறவரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. நீங்கள் நான்கு ஆண்டு சிவில் படித்துவிட்டுப் போகிறீர்கள். பாதிப் பாடம் ஏற்கெனவே படித்ததாகத்தான் இருக்கும்.

எனக்கு அப்படித்தான் இருந்தது. முதல் செமஸ்டரில் கட்டமைப்புப் பகுப்பாய்வும் கான்கிரீட் வடிவமைப்பும் வந்தன. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456க்குப் பதில் ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 3600. விதிநூல் மாறியது, வளையும் உத்திரம் அதே உத்திரம். கடன் வாங்கி வந்து மறுபடியும் இதையா படிக்கிறோம் என்று விடுதி அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட இரவுகள் உண்டு.

ஆழமான பாடம்தான் வேண்டும், நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்பு, பாலங்கள் என்று உள்ளே இறங்க வேண்டும் என்றால் நம் ஊர் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் அதற்கு ஏற்ற படிப்பு. முதுநிலைப் பொறியியலுக்கான ‘கேட்’ தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்று அங்கீகாரமுள்ள இடத்தில் சேர்ந்தால், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஆஸ்திரேலியாவிலும் ‘இன்ஜினியரிங் சயன்ஸ்’ என்ற பெயரில் மேல்நிலை முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, தொழில் நுழைவுக்கான அங்கீகாரம் இல்லாதவை. பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியென்றால் இந்தப் படிப்பு யாருக்கு, எதற்கு? இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பணம் நிற்கப் போவது இங்கேதான்.

ஆஸ்திரேலியாவில் ஒரு பொறியியல் பட்டத்தை அங்கீகரிப்பது ‘இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’ என்ற அமைப்பு. 1919இல் தொடங்கியது. தொழிலுக்குள் நுழைகிற பொறியாளரிடம் இருக்க வேண்டியவை என்று அது 16 தகுதிக்கூறுகளை வகுத்திருக்கிறது. அவற்றில் அறிவுக்கும் திறனுக்கும் ஆறு, அதைப் பயன்படுத்துவதற்கு நான்கு. மீதி ஆறு முழுக்க ஆளைப் பற்றியவை: தொழில் நெறி, பேச்சும் எழுத்தும், புதிதாகச் சிந்திப்பது, தகவலைக் கையாள்வது, தன்னைத் தானே நடத்திக்கொள்வது, குழுவில் வேலை செய்வது. நம் கல்லூரிகளில் இந்தக் கடைசி ஆறுக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை. அங்கே அவற்றில் தேறாமல் பட்டம் கிடையாது.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்துக்கு ஒருநாள் போயிருந்தேன். பொறியியல் கட்டடங்களுக்கு அருகே முறுக்கி நசுங்கிய எஃகுத் துண்டுகள் சில கிடக்கின்றன. மெல்போர்னில் கட்டிக்கொண்டிருந்தபோதே இடிந்த வெஸ்ட் கேட் பாலத்தின் துண்டுகள் அவை. 1970 அக்டோபர் 15, முற்பகல் 11.50 மணி. இரண்டு தூண்களுக்கு இடையே 112 மீட்டர் நீளமுள்ள இடைத்தளம் ஒன்று கீழே விழுந்து 35 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இடைத்தளத்தை நீளவாக்கில் இரண்டு பாதிகளாகச் செய்து, மேலே ஏற்றிச் சேர்த்தபோது இரண்டுக்கும் மட்டம் ஒத்துவரவில்லை. வித்தியாசம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர்தான். உயர்ந்து நின்ற பாதியை அழுத்தி இறக்குவதற்காகக் கான்கிரீட் கட்டிகளை மேலே வைத்தார்கள். எஃகுத் தகடு நெளிந்தது. நெளிவை நிமிர்த்த போல்ட்டுகளைக் கழற்றினார்கள். கழற்றக் கழற்ற நெளிவு பரவியது. பாலம் போனது.

நீங்கள் சைட்டில் நிற்கிறவர். ‘கொஞ்சம்தான் மட்டம் தப்பியிருக்கிறது, எடை வைத்துச் சரிசெய்துவிடலாம்’ என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த இடத்தில் ‘வேண்டாம், நிறுத்துங்கள், முதலில் வடிவமைத்தவரிடம் கேட்போம்’ என்று சொல்லத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் அந்தக் கடைசி ஆறு கூறுகளின் வேலை. கணக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அதைச் சத்தமாகச் சொல்லவும் எழுதி வைக்கவும் தெரிய வேண்டும்.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்ட இடமும் அதுதான். படிப்போடு தொழில் அனுபவமும் காட்ட வேண்டும், வழக்கமாக 12 வாரம் அளவுக்கு. இடம் தேடிக்கொடுப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு இல்லை, நாமே தேட வேண்டும். எனக்கு ஏழு மாதம் ஆனது. கடைசியில் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்தேன். நான் எழுதிய முதல் அறிக்கையை அங்கே இருந்த மூத்த பொறியாளர் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி: இது எங்கிருந்து வந்தது? விடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் மண் தாங்கும் திறனை எந்தப் பரிசோதனையிலிருந்து எடுத்தேன், காற்றுச் சுமைக்கு எந்த வகை நிலப்பரப்பு என்று வைத்துக்கொண்டேன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று முறை திருத்தி எழுதினேன். இன்றும் என் கீழே வேலை செய்கிறவர்களிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

அங்கே இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற பொறியாளர்தான் பொறியியல் சேவை வழங்கலாம், மற்றவர்கள் அவருடைய நேரடி மேற்பார்வையில் வேலை செய்யலாம். சிட்னியில் 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஓபல் டவர் என்ற புத்தம்புது அடுக்குமாடியில் விரிசல் கண்டு குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு மாஸ்காட் டவர்ஸிலும் அதே கதை. அதன்பிறகு, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2020இல் வடிவமைப்பாளர்களையும் பொறியாளர்களையும் பொறுப்பாக்கும் சட்டம் கொண்டுவந்தது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவில் 2019இல் நிறைவேறிய பதிவுச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதிவுக்குப் பட்டத்தோடு சில ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். படிப்பு முடித்த மறுநாளே கையெழுத்துப் போட முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அங்கே தேவைப்படுவது, ‘இவர் பொறியாளர்தான்’ என்ற ஏற்பு. அதற்கு இந்தப் படிப்பு ஒன்றுதான் வழி என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை.

வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1989இல் ஆஸ்திரேலியா உட்பட ஆறு நாடுகளின் அமைப்புகள் சேர்ந்து தொடங்கின. ஒருவர் அங்கீகரித்த பட்டத்தை மற்றவர் ஏற்பார். இந்தியாவின் சார்பில், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.பி.ஏ. 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. ஆனால் என்.பி.ஏ. முத்திரை இருக்கிற எல்லாப் படிப்புக்கும் இது பொருந்தாது. டயர்-1 என்ற வகையில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான், அதுவும் அந்த அங்கீகாரம் நடப்பில் இருந்த ஆண்டுகளில் முடித்தவர்களுக்குத்தான். பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும்தான் டயர்-1இல் வரும். உங்கள் கல்லூரி தன்னாட்சி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இந்த வழி உங்களுக்கு இல்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் நீங்கள் சேர்ந்த பிறகோ முடிக்கும் முன்போ நிலை மாறியதா என்று என்.பி.ஏ. தளத்திலுள்ள பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்லூரி வாசலில் மாட்டியிருக்கும் பலகையை நம்ப வேண்டாம்.

அடுத்த வழி சி.டி.ஆர். என்கிற தகுதி விளக்க அறிக்கை. இதைத்தான் உங்கள் ஆலோசகர் சொல்லாமல் விட்டிருக்கிறார். பட்டம் உடன்படிக்கைக்குள் வராதவர்கள், தாங்கள் செய்த வேலையைக் கொண்டு அந்த 16 கூறுகளையும் நிரூபிக்கும் வழி இது. மூன்று அனுபவக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள். அதோடு எந்தக் கூறு எந்தப் பத்தியில் வருகிறது என்று காட்டும் ஒரு தொகுப்பு. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 6 மதிப்பெண். இரண்டரை வருட சைட் அனுபவம் இருக்கிற உங்களிடம் எழுத விஷயம் இருக்கிறது. கல்லூரியில் செய்த திட்டப்பணியையும் ஒரு கட்டுரையாக எழுதலாம்.

இதில் நம்மவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில். ‘நாங்கள் செய்தோம்’, ‘செய்யப்பட்டது’ என்றே எழுதுவோம். அடக்கம் என்று நமக்கு அப்படிப் பழக்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் தேடுவது ‘நான் கணக்கிட்டேன், நான் முடிவெடுத்தேன்’ என்ற வரியை. இன்னொன்று, காசு கொடுத்து யாரிடமும் எழுதி வாங்காதீர்கள். நகல் என்று கண்டுபிடித்தால் விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு விடமாட்டார்கள், மறுபடி விண்ணப்பிக்கவும் தடை வரும்.

சி.டி.ஆர். வெற்றி பெற்றால் உங்கள் பி.இ.யே ஏற்கப்பட்டதாகிவிடும். அதற்காகும் செலவு இந்தப் படிப்பின் ஒரு மாதக் கட்டணம்கூட வராது. ஆனால் அது விசா இல்லை, வேலையும் இல்லை. விசாவுக்கு வயது, ஆங்கிலம், அனுபவம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளிகள் தனியாகச் சேர வேண்டும். அங்கே படித்தவருக்கு உள்ளூர் அனுபவமும் அறிமுகங்களும் கிடைக்கும், படித்து முடித்தபின் தங்கி வேலை செய்ய விசா கிடைக்கும். முதுநிலை முடித்த இந்தியர்களுக்கு அது மூன்று ஆண்டு வரை உண்டு, 35 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது பெரிய அனுகூலம்தான், மறுக்கவில்லை. ஆனால் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2024 ஜூலையில் மாணவர் விசாக் கட்டணம் ஒரே நாளில் 710 டாலரிலிருந்து 1,600 டாலராக ஏறியது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 50,000 ஆஸ்திரேலிய டாலர், சில இடங்களில் அதற்கும் மேல். வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதத்தில் விதித்தார்கள். டாலர் 55 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் இரண்டு ஆண்டுக்கு 85 லட்சத்தைத் தாண்டுகிறது. பகுதிநேர வேலையில் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் அனுமதி என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

அதனால் இன்று நிலத்தை ஈடு வைக்க வேண்டாம் என்பதே என் பதில். ஆறு மாதம் எடுத்துக்கொண்டு சி.டி.ஆர். எழுதுங்கள். அதை எழுத உட்காரும்போதே உங்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துவிடும். வடிவமைப்பு அனுபவம் குறைவு என்று தெரிந்தால் கோயம்புத்தூரிலேயே ஒரு வடிவமைப்பு அலுவலகத்துக்கு மாறப் பாருங்கள். அதற்குப் பிறகும் அங்கே போய்ப் படிக்க மனம் இருந்தால் தாராளமாகப் படியுங்கள், நான் தடுக்க மாட்டேன். அப்போது சேரப்போகும் பட்டம் சிவில் பிரிவுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவின் முழு அங்கீகாரம் பெற்றதா, புதிய படிப்பு என்பதால் தற்காலிக அங்கீகாரம் மட்டும்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பிரிவுவாரியாகத்தான் தரப்படுகிறது. பி.இ. பாடத்திட்டத்தின் முழு நகலைக் கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். ஏற்கெனவே படித்த பாடங்களுக்கு விலக்குக் கேட்க அது வேண்டும். ஒவ்வொரு பாடம் குறையும்போதும் கட்டணத்தில் சில லட்சம் குறையும். நான் அதை வாங்காமல் போய், இரண்டு பாடங்களுக்கு வீணாகப் பணம் கட்டினேன்.

முதல் கட்டுரையை எழுதி முடித்ததும் அதன் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள் தம்பி. ‘நான்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.