நூறு பவுண்டு செக்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

அயர்லாந்துப் பசுமைக் கட்சியின் முதல் தலைவர் ட்ரெவர் சார்ஜென்ட். அவருடைய அரசியல் வாழ்க்கை வெற்றியா தோல்வியா? இதுதான் தலைப்பு. வெற்றிதான்னு சொல்ல வந்தவ நான். எதிரணித் தம்பி இப்பத்தான் இந்த மேடையில ஒரு கோழிக்குழம்பை ஊத்திட்டுப் போயிருக்கார். அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்த செக்.

வருஷம் 1993. டப்ளின் கவுன்டி கவுன்சில் கூட்டம். டப்ளின் நகரத்தைச் சுத்தி அப்ப நிறைய விவசாய நிலம். அதுல ஒரு துண்டை 'குடியிருப்புப் பகுதி'ன்னு கவுன்சில் மாத்திட்டா போதும், காலையில உருளைக்கிழங்கு வயலா இருந்தது சாயங்காலம் தங்கச் சுரங்கம். மாத்தறதுக்கு என்ன வேணும்? கவுன்சிலர்கள் கை தூக்கணும். கை தூக்க வைக்கிறதுக்கு என்ன வேணும்? அதை நான் சொல்லணுமா?

அந்தச் சபையில சார்ஜென்ட் எழுந்தார். ஆரம்பப் பள்ளி வாத்தியாரா இருந்தவர். முப்பது சொச்சம் வயசு. கையில ஒரு செக், நிலத்துல கட்டடம் கட்டி விக்கிற ஒருத்தர் அனுப்பினது. எவ்வளவு? நூறு பவுண்டு. அதைத் தூக்கிக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்: "இது மாதிரி வேற யாருக்காவது வந்திருக்கா?"

வகுப்புல வாத்தியார் கேப்பாரே, "இது யாரோட பென்சில்?"னு, அது மாதிரி ஒரு கேள்விதான். இதுக்கு ரெண்டே ரெண்டு பதில்தான் உண்டு. 'வந்தது', இல்லேன்னா 'வரலை'. ஆனா அந்தச் சபை மூணாவது ஒரு பதில் சொல்லுச்சு. ஒரே கூச்சல். ஒரு கவுன்சிலர் வந்து, இவர் கழுத்தைக் கைமடக்குல வச்சு இறுக்கிட்டார்!

ஐயா, இதை நான் இன்னொரு தடவை சொல்லணும். கேள்வி கேட்டது வாய். பிடிபட்டது கழுத்து. அந்த செக்கை இவர் மேஜை டிராயர்ல போட்டு மூடியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கிழிச்சுக் குப்பையில போட்டிருந்தா நல்ல மனுஷன்னு பேர் கிடைச்சிருக்கும், கழுத்தும் பத்திரமா இருந்திருக்கும். திருப்பி அனுப்பியிருந்தா உத்தமர். அதெல்லாம் பத்தாதுன்னு, நாலு பேர் பாக்கத் தூக்கிக் காட்டினார் பாருங்க, அங்கதான் அவர் அரசியல்வாதி ஆனார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததா? வந்தது. டப்ளின் நில மாற்றத்துல நடந்த ஊழலை விசாரிக்க 1997-ல தீர்ப்பாயம் போட்டாங்க. இறுதி அறிக்கை 2012-ல வந்தது. அரசியல்ல ஊழல் எல்லா மட்டத்துலயும் புரையோடிப் போயிருந்ததுன்னு எழுத்துல வந்தது. ஒரு வாத்தியார் கேட்ட ஒரு வரிக் கேள்விக்குப் பதில் எழுத அந்த நாட்டுக்குப் பத்தொன்பது வருஷம் ஆச்சு!

இப்ப குழம்புக்கு வருவோம். 2007 தேர்தலுக்கு முன்னால சார்ஜென்ட் ஒரு வாக்குக் கொடுத்தார்: அப்ப ஆட்சியில இருந்த ஃபியனா ஃபால் கட்சியோட கூட்டணி ஆட்சிக்குப் போற பசுமைக் கட்சிக்கு நான் தலைவனா இருக்க மாட்டேன். தேர்தல் முடிஞ்சது, இவங்களுக்கு ஆறு இடம். ஆட்சியில சேரச் சொல்லிக் கூப்பிட்டது அதே ஃபியனா ஃபால். தம்பி என்ன சொன்னார்? "தலைமையை விட்டார், மந்திரி பதவியை எடுத்துக்கிட்டார். கோழி வேண்டாம், குழம்பு மட்டும் ஊத்துன்னு கேக்கிற சைவர் மாதிரி"ன்னார். நல்ல கைதட்டல். நானும் கேட்டேன்.

தம்பி, அந்த அடுப்பை ஊதினது யாரு? 1992 தேர்தல் முடிஞ்சப்ப, 166 பேர் இருந்த டாயில்ல, அதாவது அயர்லாந்து நாடாளுமன்றக் கீழ்ச்சபையில, பசுமைக் கட்சிக்கு ஒரே ஒரு ஆள். அந்த ஒருத்தர் இவர்தான். 1997-ல ரெண்டு பேர் ஆச்சு. இவர் தலைவரா நின்ன 2002-ல ஆறு பேர். பதினஞ்சு வருஷம் புகையில கண்ணு எரிய எரிய ஊதினவர். 2007 ஜூன் 13, டப்ளின் மேன்ஷன் ஹவுஸ்ல கட்சிக்காரங்க கூடி ஓட்டுப் போட்டாங்க. கூட்டணிக்கு ஆதரவு 441, எதிர்ப்பு 67. கட்சி முதல் தடவையா ஆட்சிப் பந்தியில உக்காருது. முதல் இலை யாருக்கு? தலைவருக்கு. அன்னைக்கே தலைவர் பதவியை விட்டு எழுந்தார் அந்த மனுஷன். அமைச்சரவையில ஜான் கோர்ம்லியும் ஈமன் ரயனும் உக்காந்தாங்க. இவர் இணை அமைச்சர். உணவும் தோட்டக்கலையும் இவர் துறை. பல்பிரிகன்ல தன் வீட்டுத் தோட்டத்துல காய்கறி போட்டுக்கிட்டிருந்தவருக்கு அது போதுமா இருந்தது. தம்பி, அவர் குழம்பு கேட்கலை. வாளியைத் தூக்கிக்கிட்டுப் பரிமாறப் போனார்!

2010-ல தொகுதிக்காரர் ஒருத்தருக்காகப் போலீசுக்குக் கடிதம் எழுதினது தப்புதான். விஷயம் வெளியில வந்த அன்னைக்கே ஒத்துக்கிட்டுப் பதவியை விட்டார். 2011-ல கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை, இவரும் தோத்தார். அப்புறம் இறையியல் படிச்சு அயர்லாந்து திருச்சபையில குருவானவர் ஆயிட்டார்.

மணி அடிச்சிட்டீங்க ஐயா. ஒரே நிமிஷம்.

எங்க அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சுவர்த் தகராறு. கோபத்துல அப்பா, "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டார். நாலு வருஷம் கழிச்சு பெரியப்பா மகளுக்குக் கல்யாணம், அதே வீட்டுல. வாழைமரம் வெட்டிக் கொண்டாந்து பந்தல்ல கட்டினது அப்பா. சமையல்காரரைப் பேசி முடிச்சதும், மாப்பிள்ளை வீட்டாரைத் தெருமுனையில நின்னு கும்பிட்டு அழைச்சதும் அவர்தான். படி மட்டும் ஏறலை. பாட்டி கெஞ்சினாங்க. "பேச்சு என்னடா பெரிய பேச்சு"ன்னு ஊரே சொல்லுச்சு. தாலி கட்டி முடிஞ்சதும் அக்கா மாலையோட தெருவுக்கு ஓடிவந்து அவர் கால்ல விழுந்தா. அப்பா தோள் துண்டை எடுத்து அவ முகத்தைத் துடைச்சார். உள்ள பந்தி நடக்குது. அன்னைக்கு அப்பா சாப்பிட்டாரான்னு நாங்க யாருமே கேக்கலை ஐயா.

கட்சி ஜெயிச்ச அந்த ஜூன் மாசத்து நாள்ல மேன்ஷன் ஹவுஸை விட்டு வெளிய வந்திருப்பாரே சார்ஜென்ட், அவரை நினைக்கிறப்பல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் கண்ணுல நிக்குது.

நன்றி. வணக்கம்.