கீசருக்குள் வளரும் சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். கீசர், வாஷிங் மெஷின், கெட்டில், இஸ்திரிப் பெட்டி என்று தினமும் ஏதாவது ஒன்று என் மேசைக்கு வரும். கொண்டுவருகிறவர்கள் "மெஷின் சரியில்லை" என்பார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் மெஷினில் குற்றம் இருக்காது, அதற்குள் போன தண்ணீரில்தான் இருக்கும்.

சமீபத்தில் ஒரு கீசரைப் பிரித்தேன். தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆகிறது, உள்ளே கொடகொடவென்று சத்தம் வேறு வருகிறது என்றார்கள். அடிமூடியைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை இழுத்தால் வரவே இல்லை. சுண்டுவிரல் கனம் இருக்க வேண்டிய காயில், மூன்று விரல் கனத்துக்குப் பருத்துத் துளையில் சிக்கிக்கொண்டிருந்தது. மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினேன். முட்டை ஓடு உடைவதுபோல வெள்ளைச் சில்லுகள் உதிர்ந்தன. தொட்டியின் அடியிலும் இரண்டு கை நிறைய அதே சில்லுகள். அவற்றுக்கு இடையே மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து, ஆவிக் குமிழியாக முட்டிக்கொண்டு வெளியேறும் சத்தம்தான் அவர்கள் கேட்டது.

இப்படிச் சில்லு படியவைக்கும் தண்ணீரை நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம். ஆனால் சமையல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கால்சியமும் மெக்னீசியமும் செய்கிற வேலை இது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவருகிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும் இல்லையா? இது நேர் எதிர். சூடு ஏற ஏறக் கரியமில வாயு பறந்துபோகும், கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகும். அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கேயே, அதாவது காயிலின் மேலேயே, ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீர் ஓடும் குழாயில் மெதுவாகச் சேர்வது, கீசரில் வேகமாகச் சேர்வது இதனால்தான்.

லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை சுண்ணாம்பு இருந்தால் மென்னீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினமான நீர் என்பது பொதுவான கணக்கு. 300 மில்லிகிராம் உள்ள நீரை ஒரு வீட்டில் தினமும் 100 லிட்டர் சூடாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 30 கிராம், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ சுண்ணாம்பு அந்தக் கீசர் வழியாகப் போகிறது. பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். தங்கிவிடுகிற கொஞ்சமே போதும், காயிலைக் கொன்றுவிடும். செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது. கம்பளி போர்த்திய மாதிரி சூடு உள்ளேயே அடைபட்டு, காயில் தனக்குள்ளேயே வெந்து வெடிக்கும். வெடித்தால் மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். கீசர் போட்டதும் டிரிப் ஆகிறது என்றால் அலட்சியம் வேண்டாம், உடனே நிறுத்திவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் படிவு வேகமாகச் சேரும். 60-லேயே வையுங்கள். அதற்காக ரொம்பவும் இறக்கிவிடவும் கூடாது, வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் கிருமிகள் பெருகும்.

கெட்டிலுக்கு சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். கொதித்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு படிவு உண்டாகி, அது இன்னும் பிடிவாதமாக ஒட்டும். பிளீச்சிங் பவுடரோடோ பிளீச் திரவத்தோடோ எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பளிங்குத் தரையில் சிந்தினாலும் தரை அரித்துப்போகும், ஏனென்றால் அதுவும் சுண்ணாம்புதான்.

வாஷிங் மெஷினில் குளிர்ந்த நீரில் துவைத்தால் படிவுப் பிரச்சினை குறைவு. ஆனால் சோப்பு நுரைக்காமல் திரிந்து, துணி மொரமொரப்பாகிவிடும். கடின நீருக்கு எவ்வளவு பவுடர் என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள், அதன்படி போடுங்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். அதை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள். ஆவி வரும் இஸ்திரிப் பெட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் துளைகள் அடைக்காது.

அப்புறம், குடிநீர் சுத்திகரிக்கும் கருவியில் உள்ள யூவி விளக்கு கிருமியைக் கொல்லும், கரி வடிகட்டி வாடையை எடுக்கும். இரண்டுமே கடினத்தன்மையைத் தொடாது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் சாஃப்ட்னர் என்ற நீரை மென்மையாக்கும் கருவி வேண்டும். அதிலுள்ள ரெசின் என்ற பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் நிரம்பியதும் உப்பு நீரால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். உப்பு தீர்ந்து பல மாதம் ஆன சாஃப்ட்னர்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் அது வெறும் குழாய்தான். சோடியத்தைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பவர்கள் வீட்டில் இருந்தால் குடிநீர்க் குழாயை மட்டும் அதில் சேர்க்காமல் தனியாக விடுங்கள். கடின நீரைக் குடிப்பதைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை வைத்து அதற்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை.

அந்தக் கீசருக்குப் புதுக் காயில் போட்டேன். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி தேய்ந்து நூலாக இருந்தது, அதையும் மாற்றினேன். தெர்மோஸ்டாட் 75-ல் இருந்தது. 60-க்கு இறக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள், படிவு மெல்லிசாக இருக்கும்போதே கழுவிவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.