ஒரே ஊசி, இரண்டு எலி

[திரையில்: இரண்டு கூண்டுகள். ஒன்றில் கறுப்புச் சுண்டெலி, மற்றதில் பழுப்பு.]

கறுப்பு எலி சி57 வகை. பழுப்பு, சிபிஏ வகை. இரண்டுக்கும் ஒரே ஊசி, ஒரே அளவு. கறுப்பு எலியின் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது உள்ளே வந்த அந்நியப் பொருளைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம், கிட்டத்தட்ட பத்து மடங்கு அதிகம். அப்படியானால் பழுப்பு எலி நோஞ்சானா? அவசரப்படாதீர்கள்.

1965-இல் ஆய்வாளர்கள் ஹக் மெக்டெவிட்டும் மைக்கேல் செலாவும் வெளியிட்ட சோதனை இது. இந்த எலிகள் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே இணைசேர்த்து உருவாக்கியவை. ஒரே வகைக்குள் எல்லாமே இரட்டைப் பிறவி மாதிரி. ஒரே தீனி, ஒரே கவனிப்பு. அப்படியும் இரு வகைகளுக்குள் இவ்வளவு வேறுபாடு என்றால் மரபணுவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

[திரையில்: பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற மூலக்கூறு.]

ஊசியில் இருந்தது கிருமி அல்ல, புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்களை ஆய்வகத்தில் கோத்த செயற்கைப் பொருள். நடுத்தண்டு லைசின், கிளைகள் அலனின், நுனிகளில் தைரோசினும் குளுட்டமிக் அமிலமும்.

இனிதான் வேடிக்கை. நுனியில் தைரோசினை எடுத்துவிட்டு ஹிஸ்டிடின் என்ற வேறொரு அமினோ அமிலத்தை வைத்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே. இப்போது பழுப்பு எலி பொங்கி எழுந்தது, கறுப்பு எலி சும்மா இருந்தது! நோஞ்சான் பேச்சு அதோடு முடிந்தது.

சரி, அந்த மரபணு எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்னெல், எச்-2 என்ற மரபணுப் பகுதி மட்டும் மாறிய எலிகளை வளர்த்து வைத்திருந்தார். ஒட்டுவைத்த திசுவை ஏற்பதா, தள்ளுவதா என்று தீர்மானிக்கும் பகுதி அது; 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த எலிகளிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். எச்-2 மாறினால் ஆன்டிபாடி அளவும் கூடவே மாறியது. ஒட்டுத் திசுவுக்கும் ஆன்டிபாடிக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் தலையைச் சொறிந்தார்கள்.

[திரையில்: செல்லின் மேல் சிறு பள்ளம், அதில் ஒரு புரதத் துண்டு.]

விடை பிறகுதான் தெளிந்தது. உள்ளே வந்த புரதத்தைச் செல் துண்டு போட்டு, எச்-2 தயாரிக்கும் ஒரு தட்டில் வைத்து, எதிர்ப்பை முடுக்கிவிடும் டி செல்லுக்குக் காட்டுகிறது. தட்டின் பள்ளம் ஒவ்வொரு வகை எலிக்கும் வேறு வடிவம். துண்டு அதில் உட்காராவிட்டால் டி செல் கண்டுகொள்ளாது. டி செல்லின் உதவியில்லாமல், ஆன்டிபாடி செய்யும் பி செல் மும்முரமாக வேலையில் இறங்காது. 1987-இல் மனிதரின் இத்தகைய மூலக்கூறு ஒன்றின் எக்ஸ்ரே அமைப்பு வந்தபோது, பள்ளம் கண்ணுக்கே தெரிந்தது.

1980 மருத்துவ நோபலை ஸ்னெல், இதே துறை ஆய்வாளர்கள் பெனாசெராஃப், டோசே மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். மெக்டெவிட்டின் பெயர் அதில் இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

அப்புறம், சிறுநீரக மாற்றுக்கு முன் மருத்துவமனையில் எச்எல்ஏ பொருத்தம் பார்க்கிறார்களே, அது நம் உடம்பில் இருக்கும் எச்-2.