நெருஞ்சிமுள் உடைத்த குருவிகள்

நேயர்களுக்கு வணக்கம். தரிசு நிலத்தில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு நெருஞ்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் காய் காய்ந்தால் ஐந்து துண்டாகப் பிரியும், துண்டுக்குத் துண்டு முள் இருக்கும், ஓடு கல் மாதிரி இறுகிப் போயிருக்கும். விதை அந்த ஓட்டுக்குள்ளே. இந்தக் காயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் கடலில் கலபகோஸ் தீவுகள் இருக்கின்றன அல்லவா, அங்கே டாப்னே மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. அங்கேயும் நெருஞ்சி உண்டு, நம் ஊர் நெருஞ்சிக்குப் பங்காளிச் செடி. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். தரைக் குருவியைப் பிடிப்பது, காலில் வளையம் மாட்டுவது, அலகை அளந்து பறக்கவிடுவது, இதே வேலைதான், பல பத்தாண்டுகள். இப்படிப் பொறுமையாக நடக்கிற ஆராய்ச்சிக்கு நாம் இன்னும் உரிய மதிப்பு கொடுக்கவில்லை என்பது என் தீராத ஆதங்கம்.

1977-இல் மழை பொய்த்தது. பொடி விதைகளைக் குருவிகள் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டன, மிச்சம் பெரும்பாலும் இந்த நெருஞ்சிக்காய்தான். அதை உடைக்க முடியாமல் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் செத்துப்போயின. பிழைத்தவற்றின் அலகு முன்பிருந்த சராசரியைவிட எவ்வளவு தடிமன் தெரியுமா? அரை மில்லிமீட்டர். அவ்வளவுதான், பார்த்தால் கண்ணுக்குக்கூடத் தெரியாது!

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பஞ்சம் வந்ததும் எந்தக் குருவியும் தன் அலகைத் தடிப்பாக்கிக்கொள்ளவில்லை. தடித்த அலகு, சிறிய அலகு இரண்டும் பஞ்சத்துக்கு முன்பே கூட்டத்தில் கலந்திருந்தன, அப்பன் ஆத்தாள் அலகு குஞ்சுக்கும் வந்தது, அதனால் அடுத்த தலைமுறையே தடித்த அலகோடு பிறந்தது. திரும்பவும் சொல்கிறேன், முன்பே இருந்தது. சரி, சிறிய அலகு வீணா? 1983-இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, அதனால் மழை கொட்டித் தீர்த்தது, கொடிகள் படர்ந்து நெருஞ்சியை அமுக்கிவிட்டன, எங்கு பார்த்தாலும் பொடி விதை. அடுத்து வறட்சி வந்தபோது சிறிய அலகுதான் ஜெயித்தது. ஆகவே ஓர் இனத்தில் எத்தனை தலை மிச்சம் என்று மட்டும் எண்ணினால் போதாது ஐயா, அந்தத் தலைகளுக்குள் எத்தனை விதம் மிச்சம் என்றும் பார்க்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். 2004 வறட்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. அதற்குள் பெரிய தரைக் குருவி என்ற வேறோர் இனம் தீவில் குடியேறியிருந்தது, நெருஞ்சியை அது காலி செய்தது, அதனால் இந்தத் தடவை பஞ்சத்திலேயே சிறிய அலகுக் குருவிகள்தான் தாக்குப்பிடித்தன. நன்றி, வணக்கம்.